லில்லி மேக்ஸ்வெல் உழைப்பாளியா, முதலாளியா?

வைகைக்கரை:
கோட்டைமேடு நேற்று இன்னொரு இழையில் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் ஓட்டுரிமை கேட்டவர்கள் வேலை என்றால் என்னவென்றே அறியாத சீமாட்டிகள், உழைக்கிற பெண்ணுக்கு அதில் சம்பந்தமே இல்லை" என்கிறார். 1867 நவம்பர் 26 அன்று நடந்த மான்செஸ்டர் இடைத்தேர்தலைப் பாருங்கள். லில்லி மேக்ஸ்வெல் ஒரு விதவை, வீட்டு வேலை பார்த்துப் பிழைத்தவர். பிறகு பீங்கான் சாமான் விற்கும் சின்னக் கடை போட்டார். தவறுதலாக அவர் பெயர் வாக்காளர் பட்டியலில் ஏறிவிட்டது. ரகசிய வாக்கெடுப்பு வந்ததே 1872இல்தான். அதனால் எல்லார் காதிலும் விழும்படி "ஜேக்கப் பிரைட்" என்று வேட்பாளர் பெயரைச் சொல்லித்தான் ஓட்டுப் போட்டார். இவர் எந்த அரண்மனைச் சீமாட்டி?

கோட்டைமேடு:
கடை வைத்திருந்தார் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். கடை வைத்திருப்பவர் முதலாளி. அவரை ஓட்டுப் போட அழைத்துப் போன ஓட்டுரிமை இயக்கத்து லிடியா பெக்கர் எந்த ஆலையில் நூல் நூற்றார்? 1866இல் பெண்களுக்கு ஓட்டுக் கேட்டு ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற எம்.பி. நாடாளுமன்றத்தில் கொடுத்த மனுவில் சுமார் 1,500 கையெழுத்து. கொண்டு போனவர்கள் எமிலி டேவிஸும் எலிசபெத் காரெட்டும். இருவரும் வசதியான வீட்டுப் பெண்கள்.

வைகைக்கரை:
அந்த மனுச் சுருளை வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் ஒளித்து வைத்துக் கொடுத்தது யார்? அங்கே ஆப்பிள் விற்ற பெண். அவரும் முதலாளியா?

கோட்டைமேடு:
ஒளித்து வைத்ததெல்லாம் போராட்டம் ஆகாது. லில்லி கடைக்காரி. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

பனைமரம்:
இரண்டு பேரும் 1888ஐ மறந்துவிட்டீர்கள். கிழக்கு லண்டன் போ பகுதியில் தீப்பெட்டி ஆலைப் பெண்கள் சுமார் 1,400 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். பாஸ்பரஸ் தாடை எலும்பையே அரித்துவிடும் வேலை அது. அபராதம் பிடிக்காதே, சாப்பிடத் தனி இடம் கொடு என்று கேட்டார்கள், ஜெயித்தார்கள். ஓட்டுக் கேட்கவில்லை. தலைமை தாங்கியது நம் அடையாறு அன்னி பெசண்ட்.

மாலைநேரம்:
தலைமை தாங்கினார் என்று எழுதாதீர்கள் அண்ணே. பெசண்ட் கட்டுரை எழுதினார், பிறகு துணைக்கு நின்றார். வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தது அந்தப் பெண்கள்தான். அடையாறு வந்ததும் அதற்கு அப்புறம்தான்.

பனைமரம்:
போன மாதம் சிவகாசி இழையில் நான் வருடத்தை மாற்றி எழுதியதிலிருந்தே நீங்கள் என் பின்னாலேயே வருகிறீர்கள். பெசண்ட் இல்லாவிட்டால் அந்தப் பெண்களை யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்?

மாலைநேரம்:
அன்றைக்கும் தப்பு, இன்றைக்கும் தப்பு. சுட்டிக்காட்டினால் கோபம் வருகிறது.

வைகைக்கரை:
பெசண்ட் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். கோட்டைமேடு, உங்களுக்கு ஆலைப் பெண்தானே வேண்டும்? லங்காஷயர் பஞ்சாலைப் பெண்கள் ஓட்டுரிமை கேட்டுக் கொடுத்த மனுவில் 29,359 கையெழுத்து இருந்தது. எஸ்தர் ரோப்பரும் ஈவா கோர்-பூத்தும் நடத்திய இயக்கம் அது. ஆலை வாசலில் நின்று வாங்கிய கையெழுத்துகள். ஆலைப் பெண்களே அதை லண்டனுக்குக் கொண்டு போனார்கள். 29,359 சீமாட்டிகள் தறி ஓட்டினார்களா?

கோட்டைமேடு:
அந்த மனு நாடாளுமன்றத்துக்குப் போனது 1901 மார்ச். ராணி இறந்தது 1901 ஜனவரி 22. நாம் பேசுவது விக்டோரியா காலம்.

வைகைக்கரை:
கையெழுத்து வாங்க ஆரம்பித்தது 1900 மே 1. ராணி உயிரோடுதான் இருந்தார்.

கோட்டைமேடு:
மனு எந்தத் தேதியில் போய்ச் சேர்ந்ததோ அதுதான் கணக்கு. நீங்கள் முதலில் காட்டியது லில்லியை. லில்லி கடைக்காரி. தோற்றதும் 29,359க்குத் தாவிவிட்டீர்கள்.

வைகைக்கரை:
நான் எங்கும் தாவவில்லை. என் அம்மா பதினாலு வருடம் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தார். பிறகு சேர்த்த காசில் தெருமுனையில் இட்லிக் கடை போட்டார். விடியற்காலை மூன்று மணிக்கு மாவுச்சட்டியைத் தூக்கும்போது இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டுதான் எழுந்திருப்பார். அவரை முதலாளி என்று என் முன்னால் சொல்லிப் பாருங்கள். வரி வாங்கும்போது லில்லியின் பணம் செல்லும், ஓட்டுக்கு மட்டும் அவர் பெண். 1868இல் மான்செஸ்டரில் 5,346 பெண்கள் தங்களையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லி வழக்குப் போட்டார்கள், கோர்ட் தள்ளிவிட்டது. அது விக்டோரியா காலம்தானே? அதற்கு என்ன தேதி கண்டுபிடிப்பீர்கள்?

கோட்டைமேடு:
உங்கள் அம்மாவை நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த 5,346 பேரும் சொந்தப் பெயரில் வீடோ கடையோ வைத்திருந்தவர்கள், அதனால்தான் வழக்கே போட முடிந்தது. கூலிக்காரி ஒருத்தி பெயர் சொல்லுங்கள்.

பனைமரம்:
மாலைநேரம், பெசண்ட் பற்றிப் பதில் இன்னும் வரவில்லை.

வைகைக்கரை:
பெயர் நாளைக்கு வரும், பட்டியலாகவே வரும். அதுவரை அந்தக் "கடைக்காரி" என்ற வார்த்தையை எடுங்கள்.

கோட்டைமேடு:
எடுக்க மாட்டேன்.