பிளிஸ்டர் தொல்லை: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

நடைராசா
புது ஷூ, நீண்ட நடை. குதிகாலில் கடிக்க ஆரம்பித்ததுமே சொன்னேன், கூட வந்தவர் "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்றார். சாக்ஸைக் கழற்றினால் தளும்பத் தளும்ப நீர் கோத்த கொப்புளம். ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் புடைக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் அந்த மனிதர் ஊக்கை எடுத்துக் குத்தி, மேல்தோலையும் பிய்த்துவிட்டார். அடியில் இருந்த சிவந்த தோலில் காற்று பட்டதும் உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. அவர் மேல் இன்னும் கோபம் தீரவில்லை.

அடுப்படிவாசி
எனக்குக் குக்கர் ஆவி. மணிக்கட்டைக் குழாயடியில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், ஒருவர் பற்பசையோடு வருகிறார், இன்னொருவர் ஐஸ் கட்டியோடு. ஒரு கை தண்ணீரில், மறு கையால் இருவரையும் தள்ளிக்கொண்டு நின்றதுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டினால் போதும் என்று சொன்னால் கேட்டால்தானே! அப்படியும் கொப்புளம் வந்தது, ஆனால் சின்னதுதான்.

ஊசிமுனை
நடைராசா, குத்தினது தப்பில்லை, பிய்த்ததுதான் தப்பு. எனக்கும் உள்ளங்காலில் வந்தது, குத்தினேன், ஆறிவிட்டது. நடக்கவே முடியாத அளவு பெரிதாக இருந்தால் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள், ஊசியை ஸ்பிரிட்டால் துடையுங்கள், ஓரத்தில் சின்னதாக ஒரு துளை போட்டு நீரை வடியவிடுங்கள். மேல்தோல் அப்படியே இருக்கட்டும், கிருமி புகாமல் காப்பது அதுதான். மேலே வாசலின் தடவிக் கட்டுப் போடுங்கள். சின்னக் கொப்புளமென்றால் தொடவே வேண்டாம், சில நாளில் நீர் தானாக உள்ளிழுத்துவிடும். அப்புறம், ஈரச் சாக்ஸோடு நடக்காதீர்கள். ஊறிய தோலில் உராய்வு அதிகம், தோல் அடுக்கு சீக்கிரம் பிரிந்துகொள்ளும். மாற்றுச் சாக்ஸ் ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். ஷூவை மாலையில் வாங்குங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கி இருக்கும்.

படித்துறை
இதைப் பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள், ஊசிமுனை. அப்பாவுக்குச் சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சி குறைவு. பேசிக்கொண்டே கூடத்தில் நடக்கிறார், தரையில் வலது பாதத்தின் தடம் மட்டும் ஈரமாக விழுகிறது. உட்காரவைத்துப் பார்த்தால் அடியில் கொப்புளம் உடைந்திருக்கிறது. "எனக்கு வலிக்கவே இல்லையே" என்றார் சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்புதான் என்னைத் தூங்கவிடவில்லை. சர்க்கரை உள்ளவர்கள் ஊசியும் வேண்டாம், கைவைத்தியமும் வேண்டாம், நேரே டாக்டரிடம் போங்கள்.

ஊசிமுனை
சரி, சர்க்கரை உள்ளவர்களை நான் சேர்க்கவே இல்லையே? நடைராசாவுக்குத்தானே எழுதினேன்.

நடைராசா
நான் எதுவும் கேட்கவே இல்லை ஐயா.

டப்பாக்காரி
என்னுடையது வேறு பிளிஸ்டர், மாத்திரை அட்டை. ஒவ்வொரு மாத்திரையாகக் கத்தரித்து டப்பாவில் போட்டுவைப்பது எங்கள் வீட்டு வழக்கம். பாட்டி ஒரு நாள் பிரிக்காமல் அட்டைத் துண்டோடு விழுங்கிவிட்டார். தொண்டையில் என்னவோ குத்துகிறது என்றார், முள் என்றே நினைத்தோம். எண்டோஸ்கோப்பி செய்து எடுத்துக் காட்டினார்கள். நாலு மூலையும் பிளேடு மாதிரி, மாத்திரை இன்னும் உள்ளேயே. இப்போதெல்லாம் முழு அட்டையாகத்தான் வைக்கிறோம். டப்பா மூடமாட்டேன் என்கிறது என்று பாட்டிக்குக் குறை.