எஸ்டீம் இன்ஜின் 8,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 8,000 சுற்று) தாங்குமா?

கும்பகோணம்: பழைய மாருதி எஸ்டீம் ஒன்று கிடக்கிறது, 1298 சிசி. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்ட ஆசை. குறுவை அறுத்த காசில் கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மட்டும் மாற்றினால் போதுமா?

மன்னார்குடி: போதாது அண்ணே. நானும் அப்படித்தான் செய்தேன். 7,000 தாண்டியதும் ஸ்பிரிங் ஈடுகொடுக்காமல் வால்வு நேரத்துக்கு மூடாமல் மிதந்து, இன்ஜின் தும்ம ஆரம்பித்துவிட்டது. அதன் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 75.5 மி.மீ. 8,000-இல் பிஸ்டனின் சராசரி வேகமே விநாடிக்கு 20 மீட்டர். ஆர்பிஎம் இரட்டித்தால், பிஸ்டனை கிராங்க் தண்டோடு இணைக்கும் ராடை இழுக்கும் விசை நாலு மடங்கு. அதனால் முதலில் நல்ல ராடு போல்ட், அப்புறம் கெட்டி ஸ்பிரிங், கடைசியில்தான் கேம். நாலு பிஸ்டனும் ஒரே எடை இருக்க வேண்டும். நான் நகைக்கடைத் தராசில் நிறுத்தேன், பத்தர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

கும்பகோணம்: கிராங்க் பேலன்ஸை நம்ம பம்ப்செட் லேத்துக்காரரிடம் கொடுக்கலாமா?

மன்னார்குடி: 1,500-இல் ஓடும் இன்ஜினுக்கு அவர் கைராசிக்காரர். இதற்கு வேண்டாம். பேலன்சிங் மெஷின் இருக்கும் பட்டறைக்கு அனுப்புங்கள்.

தஞ்சாவூர்: இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் தடுப்புத் தகடு வையுங்கள். வளைவில் ஆயில் ஒதுங்கினால் பேரிங் காலி.

கும்பகோணம்: சரி, சம்பா அறுவடை வரை பொறுக்கிறேன்.