‘ராமேஸ்வரம் லூர்ஸ்’ பெயருக்கு ஆட்சேபம் வந்துவிட்டது, என்ன செய்வது?

தங்கச்சிமடம்_தம்பி

எல்லோருக்கும் வணக்கம். தங்கச்சிமடத்தில் வீட்டிலேயே லூர் (மீன் பிடிக்கும் செயற்கைத் தூண்டில் இரை) செய்து விற்கிறேன். கல்யாண முருங்கைக் கட்டையைச் சீவி, நடுவில் கம்பி ஓட்டி, அடிவயிற்றில் ஈயம் வைத்து, வர்ணம் அடித்து, மேலே எபாக்ஸி பூசுவேன். பாறை மீனுக்குப் போடுகிற பாப்பர் வகை லூர்தான் அதிகம் போகிறது. கணவாய் பிடிக்கிற ஜிக் வகையும் கொஞ்சம் உண்டு.

இரண்டு வருடமாக ‘ராமேஸ்வரம் லூர்ஸ்’ என்ற பெயரில் விற்கிறேன். வேறொருவர் அதே பெயரில் அட்டை அடித்து ஒரு கடையில் தொங்கவிட்டிருந்ததைப் பார்த்ததும் பயந்துபோய், தெரிந்தவர் ஒருவர் மூலம் டிரேட்மார்க்குக்கு (வணிகச் சின்னப் பதிவுக்கு) விண்ணப்பித்தேன். இப்போது நிலையைப் பார்த்தால் ‘அப்ஜெக்டட்’ என்று காட்டுகிறது. பரிசோதனை அறிக்கையில் பிரிவு 9(1)(பி) என்று இருக்கிறது. சரக்கு வகுப்பு 31 என்று போட்டிருக்கிறார்கள்.

பணம் போனது போனதுதானா? பெயரைத் திருத்தினால் போதுமா? அப்புறம், 500 அட்டையில் வட்டத்துக்குள் ஆர் குறியும் அச்சடித்துவிட்டேன். அது பரவாயில்லையா?

தொதல்_அக்கா (கீழக்கரை)

தம்பி, முதலில் அந்த அட்டையை வெளியே விடாதீர்கள். வட்ட ஆர் குறி பதிவான பிறகுதான் போட வேண்டும். பதிவாகாததைப் பதிவானதாகக் காட்டுவது 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் 107ஆம் பிரிவில் தவறு. டிஎம் என்று இரண்டு எழுத்து போட்டுக்கொள்ள யாரும் தடுக்க மாட்டார்கள், அதற்குப் பதிவு வேண்டியதில்லை.

வகுப்பு 31ல் வருவது உயிருள்ள தூண்டில் இரை. நீங்கள் ‘தூண்டில் இரை’ என்று சொல்லியிருப்பீர்கள், அவர் புழுவும் இறாலும் என்று நினைத்துவிட்டார்! செயற்கை இரை, தூண்டில் முள், தூண்டில் கம்பு எல்லாம் 28. வலை விற்றால் 22. இதை நீங்களே பார்த்திருக்கலாம், ஆனால் நானும் முதல் தடவை இப்படித்தான் இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

9(1)(பி) என்றால் பொருளின் வகை, தரம், அது வரும் ஊர் இவற்றை மட்டுமே சொல்லும் பெயர் என்று அர்த்தம். ‘ராமேஸ்வரம்’ ஊர், ‘லூர்ஸ்’ பொருள். இரண்டையும் எடுத்துவிட்டால் உங்களுடையது என்று மிச்சம் என்ன இருக்கிறது? நான் விற்கும் தொதல் இனிப்புக்கு ஊர்ப் பெயரை வைத்து நானும் இதே ஆட்சேபம் வாங்கினேன். நீண்ட காலம் விற்று, அந்தப் பெயரைச் சொன்னாலே உங்கள் சரக்குதான் நினைவுக்கு வரும் என்று காட்ட முடிந்தால் விதிவிலக்கு உண்டு. இரண்டு வருட விற்பனை, அதே பெயரில் இன்னொருவரும் விற்கிறார் என்னும்போது அதை நிரூபிப்பது கடினம்.

மண்டபம்_கரைவலை

அக்கா, ஊர்ப் பெயரே கூடாது என்றால் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023ல் எப்படிக் கொடுத்தார்கள்?

தொதல்_அக்கா (கீழக்கரை)

அது புவிசார் குறியீடு அண்ணே, சட்டமே வேறு. ஒரு வட்டாரத்தில் விளைவிக்கிற எல்லோருக்கும் பொதுவாகக் கொடுப்பது, தனி ஆளுக்குச் சொந்தமாகாது. தம்பி கேட்பது நேர் எதிர்: தனக்கு மட்டும்.

தங்கச்சிமடம்_தம்பி

நன்றி அக்கா. பெயருக்குப் பக்கத்தில் பாலத்தையும் மீனையும் வரைந்து லோகோவாகப் போட்டால்?

தொதல்_அக்கா (கீழக்கரை)

கிடைக்கலாம். ஆனால் அந்தப் படம் முழுசாகத்தான் உங்களுடையது, எழுத்து உங்களுடையது ஆகாது (பிரிவு 17). பக்கத்துக் கடைக்காரர் வேறு படம் போட்டு அதே ‘ராமேஸ்வரம் லூர்ஸ்’ என்று எழுதினால் என்ன செய்வீர்கள்? முதலில் நல்ல சொல்லைப் பிடித்து, அதை வெறும் எழுத்தாக விண்ணப்பியுங்கள். படத்தை அப்புறம் பார்க்கலாம்.

பழைய விண்ணப்பத்தில் பெயரை மாற்ற முடியாது, சரக்குப் பட்டியலையும் கூட்ட முடியாது, நீக்க மட்டும்தான் முடியும். வகுப்பும் தவறு என்பதால் அதை விட்டுவிடுவதுதான் என் யோசனை. அறிக்கை கிடைத்த ஒரு மாதத்துக்குள் பதில் தராவிட்டால் கைவிடப்பட்டதாக எடுத்துக்கொள்வார்கள். கட்டிய பணம் திரும்ப வராது. புதிதாக டிஎம்-ஏ படிவம். தனி ஆளுக்கு ஆன்லைனில் 4500 ரூபாய், நேரில் கொடுத்தால் 5000. நம் பக்கத்துக்குச் சென்னை கிண்டி அலுவலகம்தான். ஆன்லைனில் போட டிஜிட்டல் கையொப்பம் வேண்டும்.

மண்டபம்_கரைவலை

தம்பி, பெயருக்கு நம்மிடம் என்ன பஞ்சம்? கச்சான், சோழகம், கொண்டல் என்று காற்றுப் பெயரே எத்தனை இருக்கிறது. ஒன்று கேட்கிறேன், உன்னிடம் வாங்குகிற ஆள் உன் லூரை என்ன சொல்லிக் கேட்கிறான்?

தங்கச்சிமடம்_தம்பி

சிரிக்காதீர்கள் அண்ணே. பாப்பரின் முன்பக்கம் வெட்டுப்பட்ட மாதிரி தட்டையாக இருக்கும், நடுவில் குழி. தண்ணீரில் இழுத்தால் ‘டொப்’ என்று சத்தம் வரும். அதனால் எங்கள் பக்கத்துப் பையன்கள் ‘மூக்கறுத்தான் இருக்கா, மூணு குடு’ என்றுதான் கேட்பார்கள். ராமேஸ்வரம் லூர்ஸ் என்று ஒருவனும் சொன்னதில்லை.

மண்டபம்_கரைவலை

அப்புறம் எதற்குடா ஊர்ப் பெயரைத் தூக்கிக்கொண்டு அலைந்தாய்!

தொதல்_அக்கா (கீழக்கரை)

அருமையான பெயர். லூர் விற்கும் வேறு யாருக்கும் அந்தச் சொல் தேவைப்படாது, அதுதான் முக்கியம். ‘வடிவத்தைத்தானே சொல்கிறது’ என்று ஒருவேளை கேட்கலாம், ஆனால் கட்டைக்கு ஏது மூக்கு என்று வாதாட இடம் இருக்கிறது.

போடுமுன் அலுவலகத் தளத்தில் இலவசத் தேடல் செய்யுங்கள். 28ஆம் வகுப்பில் எழுத்தை வைத்து ஒன்று, உச்சரிப்பை வைத்து ஒன்று. தமிழ் எழுத்தில் போட்டால் ஆங்கில உச்சரிப்பும் பொருளும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. அந்தப் பெயர் உங்கள் பில்லிலோ அட்டையிலோ இதுவரை வந்திருக்கிறதா? வாங்குபவர் வாயில் மட்டும் இருந்தால் ‘இனிமேல் பயன்படுத்தப் போகிறேன்’ என்றே குறியுங்கள். இரண்டு வருடமாக என்று போட்டால் பிரமாண வாக்குமூலமும் ஆதாரமும் கேட்பார்கள்.

தங்கச்சிமடம்_தம்பி

பில்லில் ‘பாப்பர் 3’ என்றுதான் எழுதியிருக்கிறேன், அதனால் ‘இனிமேல்’ என்றே போட்டேன். உச்சரிப்புத் தேடலில் 28ல் அந்த மாதிரி எதுவும் இல்லை. நேற்று 4500 கட்டி விண்ணப்ப எண் வந்துவிட்டது. இனி?

தொதல்_அக்கா (கீழக்கரை)

பரிசோதனை முடிந்து ஏற்றுக்கொண்டால் வணிகச் சின்ன இதழில் வெளியிடுவார்கள். அதிலிருந்து நான்கு மாதம் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். யாரும் எதிர்க்காவிட்டால் சான்றிதழ். விண்ணப்பித்த தேதியிலிருந்து 10 வருடம், அப்புறம் புதுப்பிக்க வேண்டும். இடையில் தபால், மின்னஞ்சல் இரண்டையும் விடாமல் பாருங்கள். ஒரு மாதக் கெடு ஓடிவிடும். இனிமேல் ஒவ்வொரு பில்லிலும் ‘மூக்கறுத்தான்’ என்று எழுதுங்கள்.

தங்கச்சிமடம்_தம்பி

சரி அக்கா. அந்த 500 அட்டையின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது. தங்கச்சி இப்போது அதில்தான் தூண்டில் நரம்பு சுற்றிக்கொண்டிருக்கிறாள்.