பழைய ஓட்டோவ கரண்டுக்கு மாத்த அரசாங்கக் காசு கிழக்குல யாருக்கும் கிடைச்சிருக்கா?

களுவாஞ்சி ஓட்டோ:
வணக்கம். களுவாஞ்சிக்குடி ஸ்டாண்டில 11 வருஷமா ஓட்டோ ஓடுறன். காலையில பள்ளிக்கூடப் புள்ளையள், மறுகா கல்முனை ஹயர், ஆஸ்பத்திரி ஹயர் எண்டு நாளைக்கு 100 கிலோமீற்றர் கிட்ட ஓடும், 4 லீட்டர் பெற்றோல் போகுது, உழைப்புல பாதி பெற்றோல் செட்டுக்கே போயிரும். 2022ல பெற்றோல் தட்டுப்பாட்டுக்கு கியூஆர் பங்கீடு வந்த நேரம் ஓட்டோவுக்கு கிழமைக்கு 5 லீட்டர், அதுக்கு முதல் ரெண்டு ராவு செட் வாசல்ல வண்டிக்குள்ளயே படுத்துக் கிடந்தன், என்ட முறை வரக்குள்ள எண்ணெய் முடிஞ்சு போச்சு. அண்டைக்கே இத விடணும் எண்டு மனசுல விழுந்துட்டு.

மேல் மாகாணத்தில ஐநா அபிவிருத்தித் திட்டத்தின்ட உதவியோட பெற்றோல் ஓட்டோவ கரண்டுக்கு மாத்தினாங்க, நம்ம பக்கம் அப்படி ஒண்டும் கண்ணுல படல்ல. ஒரு லீசிங் கொம்பனியில கேட்டன், புது வண்டிக்குத் தருவாங்களாம், பழச மாத்தக் காசு தர ஏலாதாம். பற்றரி எவ்வளவு காலம் இருக்கும், மாரி வெள்ளத்துக்குள்ள ஓடலாமா? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.

அக்கரைப்பற்று கராஜ்:
தம்பி, நான் ரெண்டு வண்டி மாத்திக் குடுத்த ஆள், அவசரப்படாதீங்க. விலை குறைச்சல் எண்டு ரெண்டு பேரும் ஈய பற்றரிதான் போட்டாங்க, பின் சீட்டுக்குக் கீழ அஞ்சு பற்றரி, மூணு பேர் ஏறினா பின்பக்கம் குந்திரும். ஒண்டரை வருஷம் போகல்ல, ஒரு சார்ஜுக்கு 80 கிலோமீற்றர் ஓடினது 35க்கு வந்துட்டு. லித்தியம்தான் சரி, ஆனா செலவுல பெரிய பங்கு அந்தப் பற்றரிதான், அரசாங்கம் உதவி எண்டு குடுக்கிறதெண்டா அதுக்குத்தான் குடுக்கணும்.

வெள்ளத்துக்கு மோட்டர விட கொன்ட்ரோலருக்குத்தான் பயம், அதுதான் மோட்டருக்குப் போற கரண்ட அளந்து குடுக்கிற பெட்டி. முழங்கால் தண்ணிக்குள்ள ஒரு வண்டி நிண்டுட்டு, இழுத்து வந்து திறந்தா பெட்டிக்குள்ள ஒரு கோப்பை சேத்துத் தண்ணி. இப்ப அத பின்னால உயரத்தில ஏத்தித்தான் பூட்டுறன். வண்டிப் புத்தகத்தில பெற்றோல் எண்டு கிடக்கிறத மோட்டார் வாகனத் திணைக்களத்தில மாத்தாம ரோட்டுக்கு இறக்கிடாதீங்க, ஒரு எக்சிடண்ட் எண்டா இன்சூரன்ஸ் கையை விரிச்சிரும்.

மட்டு நகர்:
நுரைச்சோலையில நிலக்கரி எரிச்சு வாற கரண்டுதானே? புகை அங்க மாறுது, அவ்வளவுதான். இதுக்கு ஏன் மக்கள்ட காசு?

படுவான்கரை டீச்சர்:
கணக்குப் போட்டுப் பாருங்க அண்ணன். ஒரு லீட்டர் பெற்றோல் எரிஞ்சா ஏறத்தாழ 2.3 கிலோ காபனீரொட்சைட்டு, அவர்ட 4 லீட்டருக்கு நாளைக்கு 9 கிலோ தாண்டுது. அதே தூரத்துக்கு கரண்ட் 7 யூனிட் மாதிரி போகும், முழுக்க நிலக்கரிக் கரண்ட் எண்டு வச்சாலும் யூனிட்டுக்கு 1 கிலோ படி 7 கிலோதான், நம்ம நாட்டுக் கரண்டுல பெரிய பங்கு தண்ணியிலயும் வெயில்லயும் வாறதால இன்னும் குறையும்.

ஆனா என்ட மனசுல கிடக்கிறது பஸ். எங்கட பள்ளிக்கூடத்துக்கு காலையில ஒரே ஒரு பஸ், அதுவும் வந்தா வரும். அதால நாங்க 14 டீச்சர்மாரும் லோன் எடுத்து ஸ்கூட்டி வாங்கினம். மண்டூர்த் துறையில பாதை (வாவியக் கடக்கிற மிதவை) வந்து அடைஞ்சா இறங்கிறது முக்கால்வாசி மோட்டார் சைக்கிள்தான், ஒவ்வொண்டுலயும் ஒராள். ஒரு பஸ் சொன்ன நேரத்துக்கு ஓடினா அவ்வளவும் வீட்டுல நிக்கும். 2019ல வாகனத்துக்கு காபன் வரி எடுத்தாங்க, பழைய வண்டிக்கு இன்னும் கூடுதலா எடுத்தாங்க, மறுகா கொஞ்ச நாளிலயே நீக்கிட்டாங்க. 2022ல வெளிநாட்டுல இருந்து வங்கியால காசு அனுப்பின ஆக்களுக்கு மின்சார வாகனம் இறக்க அனுமதி குடுத்தாங்க. கார் வாங்க ஏலுமான ஆக்களுக்குத்தான் எப்பவும் வழி திறக்குது, ஸ்டாண்டில நிக்கிற ஆளும் பஸ்ஸுக்கு நிக்கிற ஆளும் அப்படியே நிக்கிறம்.

களுவாஞ்சி ஓட்டோ:
கராஜ் காக்கா, ஞாயிற்றுக்கிழமை வண்டியக் கொண்டு வாறன், லித்தியத்துக்கு என்ன முடியும் எண்டு ஒருக்கா பாத்துச் சொல்லுங்க. டீச்சர், அந்தக் கணக்க ஒரு கடதாசியில எழுதித் தாங்க, எங்கட ஸ்டாண்டில 23 பேர் நிக்கிறம், எல்லாரும் கையெழுத்து வச்சு பிரதேச செயலகத்துக்குக் குடுக்கப் போறம். பஸ் விசயத்தையும் சேத்து எழுதுங்க.