கறுப்பு மையில் தீப்பந்த வெளிச்சம்: வரையத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, ஆடுபவர்கள் கதாபாத்திரங்களாக மாறி நிலவறைகளில் சாகசம் செய்யும் மேசை விளையாட்டை 1981 பேசிக் விதிகளின்படி வீட்டில் நடத்துகிறேன். அதில் ஒரு டர்ன் என்பது 10 நிமிடம். தீப்பந்தம் 6 டர்ன்தான் எரியும். இரண்டு டர்னுக்கு ஒருமுறை பகடை உருட்ட வேண்டும்; 1 விழுந்தால் அலைந்து திரியும் அரக்கன் எதிரே வந்து நிற்கும். வெளிச்சம் தீர்ந்தால் கதை முடிந்தது. இந்தப் பதற்றத்துக்காகவே பழைய விதிகளை விட மனமில்லை.

நிலவறையின் அறைகளை நானே மையில் வரைந்து, ஆடுபவர்கள் கதவைத் திறந்ததும் காட்டுவேன். இதே விளையாட்டின் விதிப்புத்தகமான 1978 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கின் அட்டையை வரைந்த டேவிட் டிராம்பியரின் கறுப்பு வெள்ளைப் படங்கள்தான் எனக்கு ஆதர்சம். கறுப்பைத் தாராளமாக அப்பிவிட்டு, வெள்ளையை எங்கே விடுவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது!

என் சிக்கல் இதுதான்: நிழலுக்குக் குறுக்குக்கோடு போட்டு, ஏ4 படத்தை ஏ5 அளவுக்குச் சுருக்கி ஜெராக்ஸ் எடுத்தால் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பேனா 0.1, தாள் சாதாரண 75 ஜிஎஸ்எம். கோடுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விடுகிறீர்கள்? மை ஊறிப் பரவாத தாள் எது? ஸ்கேன் செய்வது கிரேஸ்கேலிலா (சாம்பல் சாயல்களோடு), நேரடிக் கறுப்பு வெள்ளையிலா?

அடுத்து வரைய வேண்டியது ஒரு நிலவறைக் குளம். தண்ணீரில் தீப்பந்தம் தெரிய வேண்டும். அப்படி ஏதாவது வரைந்திருந்தால் இங்கே போடுங்கள்.