துக்க வருஷத்துக் கிறிஸ்துமஸ்: உங்க வீட்ல நட்சத்திரம் கட்டினீங்களா?

முத்தியால்பேட்டை அக்கா:

வீட்ல ஒருத்தர் தவறின வருஷம் நட்சத்திரம் கட்டக்கூடாது, பலகாரம் சுடக்கூடாது, புதுத்துணி எடுக்கக்கூடாதுன்னு எங்க புதுச்சேரிப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. கோவில் சாமியாரை, அதான் பாதிரியாரைக் கேட்டா, "அப்படி ஒரு சட்டமும் இல்லம்மா"ன்னுதான் சொல்வார். சட்டம் சாமியார்கிட்டயா இருக்கு? அத்தைகிட்ட இல்ல இருக்கு! 2024-ல எங்க வீட்ல நடந்ததைச் சொல்றேன். உங்க வீட்டுக் கதையையும் எழுதுங்க.

ஜனவரியில, பொங்கல் முடிஞ்ச கையோட, மக கல்யாணம். மிஷன் வீதி சம்பா கோவில்ல மந்திரிப்பு. மே மாசம் தம்பி மகனுக்குப் புதுநன்மை, அதான் முதல் தடவை நற்கருணை வாங்குற சடங்கு. எங்க தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா (சிப்பாயா) இருந்தவர், அதனால பாதிக் குடும்பம் பாரிஸ் பக்கம்தான். அப்பா, அம்மாவைக் கூட்டிக்கிட்டு நானும் போனேன். அவங்க ரெண்டு பேருக்கும் அதுதான் முதல் விமானப் பயணம்.

புதுநன்மை முடிஞ்சதும் ரயில் பிடிச்சு லூர்து போனோம். வாழ்நாள் பூரா நம்ம வில்லியனூர் லூர்து மாதாவைக் கும்பிட்டவங்களை, 1858-ல மாதா காட்சி குடுத்த அந்தக் கெபிக்கு (குகைக்கு) முன்னாடியே கொண்டு நிறுத்தினது தம்பியோட புண்ணியம். ராத்திரி ஒன்பது மணிக்கு மெழுகுவர்த்திப் பவனி. நோயாளிங்களுக்கும் சக்கர நாற்காலிக்காரங்களுக்கும்தான் அங்க முதல் மரியாதை. அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டே ஜெபமாலை சொல்றாங்க. அப்பா குழாயில தண்ணி பிடிச்சு பாட்டில் மேல பாட்டிலா அடுக்கிக்கிட்டே, "கோவில் பெருசுதான். ஆனா குளம் நம்ம வில்லியனூர்ல இல்ல இருக்கு" அப்படின்னார். ஊர்ப் பெருமையை அவர் எந்த நாட்லயும் விட்டுக் குடுத்ததில்லை.

ஆகஸ்ட் கடைசியில, வேளாங்கண்ணிக்கு நடக்கிறவங்க காவி உடுத்திக்கிட்டு எங்க ரோடு வழியா போயிட்டிருந்த நேரம், அப்பா தவறிட்டார். அதைப் பத்தி இன்னும் எழுத வரலை. உப்பளம் கல்லறையில அடக்கம்.

நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல். ஒரே நாள்ல ஏறக்குறைய 48 செ.மீ. மழை. ரெயின்போ நகர் சித்தப்பா வீட்டுக்குள்ள தண்ணி பூந்து, அவங்க குடும்பமே எங்க வீட்டுக்கு வந்துட்டாங்க. மறுநாள் கிறிஸ்துமஸுக்குத் தயாராகுற திருவருகைக் காலம் ஆரம்பிக்குது, எங்களால கோவிலுக்குக்கூடப் போக முடியலை. ஆக டிசம்பர்ல வீடு நிறைய ஆளு, ஆளுக்கு ஒரு யோசனை.

அத்தை நட்சத்திரமே கூடாதுன்னாங்க. அம்மா, "மாப்பிள்ளை தலை கிறிஸ்துமஸுக்கு வர்றாரு. வாசல் இருட்டாக் கிடந்தா அவருக்கு வீடு எப்படித் தெரியும்?" அப்படின்னாங்க. "ஏன், பொண்ணு பாக்க வந்தப்பத் தெரிஞ்ச வீடு இப்பத் தெரியாதா?"ன்னு அத்தை. ரெண்டு நாள் இதே பேச்சு. கடைசியில நட்சத்திரம் உண்டு, சீரியல் பல்பு கிடையாது. மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் மட்டும் புதுத்துணி. அடுப்புல எண்ணெய்ச் சட்டி ஏறாதுன்னு முடிவாச்சு. அப்போ விவிக்கம், அதான் எங்க ஊர் கிறிஸ்துமஸ் ரவை கேக்? கேக் பலகாரமா இல்லையான்னு அடுத்த வழக்கு. சித்தப்பாதான் தீர்ப்பு சொன்னார்: "அதை எண்ணெயிலயா சுடறோம்? தாராளமாப் பண்ணுங்க."

விவிக்கம் எங்க வீட்ல அப்பா டிபார்ட்மென்ட். மாவைக் கலந்து, நம்ம தட்டுலயே ஊத்தி, விறகு அடுப்பு வச்சிருக்கிற பேக்கரியில குடுத்துச் சுட்டு வாங்குறதுதான் வழக்கம். இந்தத் தடவை 23-ஆம் தேதி தட்டைத் தூக்கிக்கிட்டு நான் வரிசையில நின்னேன். பேர் எழுதி ஒட்டுற பையன் என் முகத்தைப் பாத்தான், கேக்காமலே சீட்டுல அப்பா பேரை எழுதி ஒட்டிட்டு, "ஐயா வண்டி நிறுத்தப் போயிருக்காரா?" அப்படின்னான். சொன்னேன். பேனாவைக் கையில வச்சுக்கிட்டு, "சீட்டை மாத்திடவாக்கா?"ன்னு கேட்டான். வேண்டாம், இருக்கட்டும்னுட்டேன். சாயந்தரம் போனா, உள்ள இருந்து ஒருத்தர் அப்பா பேரைச் சத்தமாக் கூப்பிடுறார். "இதோ"ன்னு போய் வாங்கிக்கிட்டேன். கூலியில பத்து ரூபா குறைச்சுக்கலை, அது வேற விஷயம்.

வருஷா வருஷம் எங்க வீட்ல இருந்துதான் தெருவுக்குத் தட்டு போகும். இந்த வருஷம் தெருவுல இருந்து எங்களுக்கு வந்துச்சு. எதிர்வீட்டு ஐயர் மாமி அதிரசம், பின்வீட்டு பாய் வீட்ல இருந்து பிரியாணி, இன்னொரு வீட்ல இருந்து முறுக்கு. கடைசியில பலகாரத்துக்குக் குறைச்சலே இல்லை. அத்தைதான் அதிகமாச் சாப்பிட்டாங்க.

மஞ்சக்குப்பம் ஜோசப் அண்ணன் தம்பி:

அக்கா, கடலூர்ல எங்களுக்கு இது இருபது வருஷக் கதை. 2004 டிசம்பர் 26 ஞாயித்துக்கிழமை, சுனாமி வந்த நாள். நாங்க காலைப் பூசையில இருந்தோம். வெளிய ஜனங்க "கடல் வருது, கடல் வருது"ன்னு கத்திக்கிட்டு ஓடி வந்தாங்க. கடல் எப்படி வரும்னு எங்களுக்கு விளங்கலை. பெரியம்மா பேரப்பிள்ளைகளுக்குக் கேக் குடுக்க தேவனாம்பட்டினம் போயிருந்தாங்க. பிள்ளைங்க பொழைச்சுக்கிட்டாங்க, பெரியம்மா இல்லை.

2005-ல எங்க தெருவுல யாரும் நட்சத்திரம் கட்டலை. யாரும் சொல்லி வைக்கலை, தானா அமைஞ்சது. அதுக்கப்புறம் கட்டுறோம். ஆனா 25 ராத்திரியே அணைச்சுடுவோம். மறுநாள் காலையில கடற்கரைக்குப் போவோம். மீனவ ஜனங்க கடல்ல பால் ஊத்துவாங்க, பூ போடுவாங்க, பெண்கள் கரையில உட்காந்து ஒப்பாரி வைப்பாங்க. நாங்க மெழுகுவர்த்தி கொண்டு போவோம், அந்தக் காத்துல எங்க எரியுது? இப்போ பெரியம்மா பேத்தி மணல்ல குழி பறிச்சு உள்ள வச்சுக் கொளுத்துறா. அவளுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆயிருக்கு. பெரியம்மா படத்துக்கு முன்னாடி முதல் பத்திரிகையை வச்சோம்.

முதுநகர் லுத்தரன்:

எங்க சபையில இந்தத் துக்க வருஷக் கணக்கெல்லாம் அவ்வளவா இல்லை. ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும். மாமனார் இறந்த வருஷம், கீதபவனி வந்த வாலிபர்கள் எங்க வீட்டுக்கு முன்னாடி மட்டும் பாட்டை நிறுத்திட்டு, செருப்புச் சத்தம்கூட இல்லாம தாண்டிப் போனாங்க. மரியாதைன்னு நெனைச்சுத்தான் பண்ணினாங்க. உள்ள உட்காந்திருந்த எங்க மாமியாருக்கு அது எப்படி இருந்திருக்கும்? கேட்டைத் திறந்துக்கிட்டு, "தம்பி, இந்த வீட்ல ஆளு இருக்குப்பா"ன்னு கூப்பிட்டாங்க. திரும்பி வந்து பாடினாங்க. கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்ட பையன் தாடியைக் கழட்டிட்டு அழுதுட்டான். கேரல் போற பிள்ளைங்க இதைப் படிச்சா, துக்க வீட்டைத் தாண்டிப் போயிடாதீங்க. கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

31 ராத்திரி ஆராதனையில, ஆண்டவர் செஞ்ச நன்மையைச் சாட்சியாச் சொல்லக் கூப்பிட்டா, மாமியார் எப்பவும் அரை மணி நேரம் எடுத்துப்பாங்க, சபை ஐயர் (போதகர்) கடிகாரத்தைப் பாப்பார். அந்த வருஷம், "நாப்பது வருஷம் கூட வச்சிருந்தீர், ஸ்தோத்திரம்"னு மட்டும் சொல்லிட்டு உட்காந்துட்டாங்க. 2024-ல தென்பெண்ணை வெள்ளத்துல வீட்டுச் சாமானெல்லாம் நனைஞ்சது. பழையபடி அரை மணி நேரம் பேசினாங்க.

நெல்லித்தோப்பு மருமகள்:

முத்தியால்பேட்டை அக்கா, கதையெல்லாம் சரி. எனக்கும் இது தலை கிறிஸ்துமஸ், மாமியார் விவிக்கம் பண்ணச் சொல்லிட்டாங்க, கேக் அடியில கெட்டியா உட்காந்துடுச்சு. ரவையை வறுக்கணுமா கூடாதா?

முத்தியால்பேட்டை அக்கா:

வறுக்கணும்மா, ஆனா செவக்க விடாதே. எங்க வீட்ல ரவையையும் வெண்ணெயையும் முந்தின ராத்திரியே கலந்து வச்சுடுவோம். முந்திரி, திராட்சை, ஆரஞ்சுத் தோல் எல்லாம் ரம்முல தனியா ஊறட்டும். முட்டையை நல்லா நுரைக்க அடிச்சு, கடைசியாச் சேத்து, உடனே அடுப்புக்கு அனுப்பிடு. மாவை வச்சுக்கிட்டு வரிசையில ரொம்ப நேரம் நின்னா ரவை அடியில இறங்கிடும், அதனால வெள்ளனே போய் இடம் பிடி. மாமியார்கிட்ட பேக்கரி அடுப்பு சரியில்லைன்னு சொல்லிடு.