மரமாக நிற்கும் பிள்ளைக்கு என்ன வேலை?

நாலாம் வகுப்பு டீச்சர்

ஆண்டு விழா நாடகம் என்றாலே கணக்கு ஒன்றுதான். வகுப்பில் நாற்பது பேர், வசனம் எட்டுப் பேருக்கு. மிச்சம் இருப்பவர்கள் மரம், மலை, அரண்மனைக் காவலர். மரமாக நின்ற பிள்ளைக்கு நாடகம் என்ன சொல்லிக்கொடுத்தது என்று கேட்டால், அசையாமல் நிற்கச் சொல்லிக்கொடுத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். கதை மட்டும்தான் கையில் இருக்கும். வசனத்தை முன்கூட்டி எழுதுவதில்லை. அரண்மனைக் கதவு வேண்டுமா, அட்டையில் வெட்ட மாட்டேன். பிள்ளைகளே கதவு. இரண்டு பேர் கதவு, ஒருவன் தாழ்ப்பாள், இன்னொருத்தி கிரீச் சத்தம். இந்த முறை தாழ்ப்பாளாக நின்றவன், பேர் சொல்லிக் கூப்பிட்டாலே தலையைக் குனிகிறவன். ராஜா மிடுக்காக வந்தார். தாழ்ப்பாள் திறக்கவில்லை. ராஜா முறைத்தார், மந்திரி தள்ளிப் பார்த்தார். "தட்டிட்டு வாங்க" என்றான் தாழ்ப்பாள். வேறு வழியில்லாமல் ராஜா திரும்பிப் போய், தட்டிவிட்டு வந்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு வேலைக்காரன் வந்தான். தட்டாமலே கதவு திறந்தது. மந்திரிக்குக் கோபம்: "இவனுக்கு மட்டும் ஏன்?" தாழ்ப்பாள் சொன்னான்: "அவர் ரெண்டு கையிலயும் பாத்திரம் வெச்சிருக்காரே."

இதை நான் எழுதிக்கொடுத்திருக்க முடியாது. உங்கள் அனுபவங்களையும் சொல்லுங்கள்.

ஒப்பனை அறை

டீச்சர், தாழ்ப்பாளுக்கு என் சார்பில் ஒரு சபாஷ் சொல்லிவிடுங்கள்.

நான் பள்ளிகளில் நாடகப் பயிற்சி நடத்துகிறவன். "அந்தப் பொண்ணு பேசமாட்டா சார், அவளை விட்ருங்க" என்று முதல் நாளே யாராவது காதில் ஓதிவிடுவார்கள். ஒரு பள்ளியில் அப்படிச் சொல்லப்பட்டவளுக்கு வீட்டு மொழி வேறு, பள்ளி மொழி வேறு. அங்கே உளறல் மொழி விளையாட்டை வைத்தேன். யாருக்கும் புரியாத, அந்த நிமிடத்தில் பிறக்கிற மொழியில்தான் பேச வேண்டும். அவள் குடை விற்பவள். ஒருவன் வந்து ஒவ்வொரு குடையாக விரித்துப் பார்த்துவிட்டு வாங்காமல் நடையைக் கட்டினான். பாருங்கள், அவனை நிறுத்தி வைத்து, விட்டாள் ஒரு திட்டு! கையை இடுப்பில் ஊன்றி, மூச்சு விடாமல். ஒரு சொல் புரியவில்லை, ஆனால் எதற்குத் திட்டுகிறாள் என்று கடைசி பெஞ்சுக்கும் தெரிந்தது. அந்த மொழியில் எல்லாருமே புதுசு. அவளைத் திருத்த யாராலும் முடியாது.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1930களின் கடைசியில் சிகாகோவில் வயலா ஸ்போலின் என்ற நாடகப் பயிற்சியாளர், பல நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளோடு வேலை செய்தபோது நடிப்புப் பயிற்சியையே விளையாட்டுகளாக மாற்றினார். ஆட்டத்தை நிறுத்தாமல் ஓரத்தில் இருந்தபடி "கையில் கனம் இருக்கிறதா?" என்கிற மாதிரி ஒரு சொல் எறிவது அவர் வழி. நம் ஆட்களுக்கு இதுதான் கஷ்டம். நிறுத்தி, நடித்துக் காட்டி, "இப்படிப் பண்ணு" என்று சொன்னால்தான் சொல்லிக்கொடுத்த திருப்தி. அப்புறம் மேடையில் நாற்பது குட்டி டீச்சர்கள் நடிப்பார்கள்.

பின்வரிசை அப்பா

நான் ஆசிரியர் இல்லை, வெறும் பார்வையாளன். என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிறேன். ஒரு பள்ளி விழாவில் வசனம் முழுவதையும் முன்பே பதிவு செய்து ஓடவிட்டார்கள். பிள்ளைகளுக்கு வாயசைக்கும் வேலை மட்டும். அதுவும் பெரியவர்களின் குரல்! நடுவில் ஒலி முந்திக்கொண்டது. சிங்கம் இன்னும் மேடைக்கே வரவில்லை, சிங்கத்தின் கர்ஜனை வந்துவிட்டது. மேடையில் முயல் மட்டும். அது ஒரு கணம் யோசித்துவிட்டு, தானே வாயைத் திறந்து கர்ஜித்தது. அன்றைக்கு நடந்த ஒரே நடிப்பு அதுதான். பிள்ளைகளின் குரல் கேட்காது என்பதற்காகவா இப்படி?

நாலாம் வகுப்பு டீச்சர்

முயலுக்குத்தான் முதல் பரிசு கொடுத்திருக்க வேண்டும்!

ஆமாம், குரல் கேட்காது என்ற பயம்தான். "சத்தமாப் பேசு" என்றால் பிள்ளைகள் கத்துவார்கள், இரண்டு நாளில் தொண்டை கட்டிவிடும். நான் இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்தி ஒரு ரகசியம் பேசச் சொல்வேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு அடி பின்னால். தூரம் கூடக்கூட மூச்சை நிறைய இழுப்பதும், சொல்லை முழுசாக முடிப்பதும் தானாக வருகிறது. வாக்கியத்தின் கடைசிச் சொல்லைத்தான் பிள்ளைகள் பெரும்பாலும் விழுங்குவார்கள். அதை மட்டும் கவனித்தால் பாதி வேலை முடிந்தது.

வரலாறு சார்

நான் விழாவுக்கு நாடகம் போடுவதே இல்லை, பாடத்துக்குள் போடுகிறேன். பிரிட்டனில் டோரதி ஹீத்கோட் என்ற நாடகக் கல்வியாளர் செய்து காட்டிய முறை: ஆசிரியரே ஒரு பாத்திரமாகிக் கதைக்குள் வந்துவிடுவார். தோளில் துண்டு இருந்தால் நான் அதிகாரி, எடுத்துவிட்டால் பழைய சார். ஒரு நாள் அதிகாரியாக வந்து, "உங்கள் ஏரியை மூடிச் சாலை போடப்போகிறோம்" என்றேன். வகுப்பே ஊரானது. மனு எழுதினார்கள், கேள்வி கேட்டார்கள். ஒருத்தி வரைபடமே போட்டுக்கொண்டு வந்து சாலையை வளைத்துக் காட்டினாள். மரமாக நிற்க அங்கே யாருக்கும் இடமில்லை.

ஆனால் ஒன்று. வகுப்பு முடிந்த பிறகு ஒரு சின்னப் பையன் பின்னாலேயே வந்து, "ஏரியை நிஜமாவே மூடிடுவாங்களா சார்?" என்றான். கண் கலங்கியிருந்தது. துண்டை எடுத்தால் மட்டும் போதாது, வேடம் கலைக்கத் தனி நேரம் வேண்டும். வட்டமாக உட்கார்ந்து அவரவர் தம் சொந்தப் பேரைச் சொல்லி, பாத்திரத்தைப் பற்றி ஒரு வரி பேசுவார்கள். திருடன் வேடம் போட்டவனுக்கு இது ரொம்ப முக்கியம். இல்லையென்றால் மைதானத்திலும் அவன் பேர் திருடன்தான். அதனால் திருடன் வேடத்தை ஒருவருக்கே கொடுப்பதில்லை, சுற்றில் விடுவேன்.

ஒப்பனை அறை

சார், ஒரு பாடவேளையில் இதற்கெல்லாம் நேரம் எப்படி? பெஞ்சை ஓரம் கட்டவே பாதி நேரம் போய்விடுகிறதே.

வரலாறு சார்

பெஞ்சைத் தொடுவதே இல்லை. அந்த இடுக்கெல்லாம் ஊர்ச் சந்துகள். பாடத்தில் கால்வாசி அடுத்த வகுப்புக்குத் தள்ளிப்போகும், போகட்டும். வேடம் கலைக்கிற கடைசி ஐந்து நிமிடத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அடுத்த பாட ஆசிரியர் வாசலில் வந்து நின்றாலும் சரி, அவரையும் வட்டத்தில் உட்காரச் சொல்லிவிடுவேன்.